மாஸ்க் போட்டதும் வருகிற வாசனை: மெஷினா, மூக்கா, மூளையா?

பூவே இல்லாத இடத்தில் நடுராத்திரி மல்லிகைப்பூ வாசம் வந்தால் மோகினி என்பார்கள். அடுப்பில் எதுவும் இல்லாதபோது உருளைக்கிழங்கு வேகிற வாசனை வந்தால் பக்கத்தில் பாம்பு இருக்கு என்பார்கள். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். அடிப்படை ஒன்றுதான். ஒரு வாசனை வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கைக்கு எட்டின ஒரு காரணத்தைப் பிடித்து ஒட்டவைத்துவிடுகிறது.

சிபாப் மெஷின் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு மோகினியும் பாம்பும் தேவையில்லை. தலைமாட்டிலேயே ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கிறது. எரிந்த பிளாஸ்டிக் வாடையா? மெஷின்தான். ஈரத்துணி நாத்தமா? மெஷின்தான். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அந்த வாடை வரவில்லை என்று தெரிந்தால் தீர்ப்பு அப்படியே தலைகீழாகிறது: "எல்லாம் உங்க மனப்பிரமை."

இந்த இரண்டு தீர்ப்புமே அவசரமானவை, இரண்டுக்கும் விலை உண்டு. தப்பு மெஷின்மேல் என்று முடிவுகட்டினால் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவோம். அன்றைக்கு ராத்திரியே மூச்சுத்திணறல் பழைய மாதிரி திரும்பிவிடும். மனப்பிரமை என்று முடிவுகட்டினால் நிஜமாகவே சூடாகிக் கருகிக்கொண்டிருக்கும் ஒரு வயரையோ, மூக்குக்குள் சீழ் பிடித்த ஒரு பொந்தையோ, மூளையில் ஆரம்பிக்கும் ஒரு வலிப்பையோ கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆகவே "வாசனை நிஜமா பொய்யா" என்பது சரியான கேள்வி இல்லை. "இந்த வாசனை எந்த இடத்தில் உருவாகிறது" என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மென்பொருளில் பிழை தேடுகிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான்.

நான் டாக்டர் இல்லை. நாலு வருஷமாக இந்த மெஷினைப் போட்டுத் தூங்குகிறவன். படித்ததையும் சோதித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மெஷின் என்ன செய்கிறது?

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயின் மேல்பகுதி மடங்கி அடைத்துக்கொள்வதுதான் ஸ்லீப் அப்னியா. அடைபடாமல் இருக்க, காற்றையே ஒரு முட்டுக்கட்டை மாதிரி உள்ளே கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்பதைச் செய்துகாட்டியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த கொலின் சல்லிவன். 1981இல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளை வைத்து அதை வெளியிட்டார். ஆரம்ப கால மெஷின்களில் காற்றைத் தள்ளியது வேக்குவம் கிளீனர் மாதிரியான மோட்டார். இன்றைக்குச் சத்தமே கேட்காத அளவுக்கு வந்துவிட்டாலும் வேலை அதேதான்.

இதில் நிறைய பேருக்கு ஒரு குழப்பம். "ஆக்ஸிஜன் வச்சுக்கிட்டுத் தூங்குறாரு" என்பார்கள். இல்லை. சிபாப் தருவது உங்கள் படுக்கையறைக் காற்றையேதான். பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் துவாரம் வழியாக அறைக் காற்றை இழுத்து, ஃபில்டரில் தூசி வடிகட்டி, விசிறியால் அழுத்தி, தண்ணீர்த் தொட்டியின் மேலாக ஓட்டி ஈரமாக்கி, குழாய் வழியாக மாஸ்க்குக்கு அனுப்புகிறது. அழுத்தம் வழக்கமாக 4 முதல் 20 செ.மீ. நீர் அளவுக்குள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் இதே கணக்கில் சுமார் 1033 செ.மீ. அதாவது 10இல் வைத்தால் கூடுதலாகக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்குதான்.

வாசனைக்கு முக்கியமான விஷயம் அந்த ஃபில்டர். அது துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. தூசி, மகரந்தம், துணிப்பஞ்சு நின்றுவிடும். வாசனை என்பதோ காற்றில் மிதக்கும் தனித்தனி மூலக்கூறுகள். அவை ஃபில்டர் வழியாகத் தாராளமாக உள்ளே போகும். கொசுவத்தி, பீரோவுக்குள் போட்ட பாச்சை உருண்டை, பாத்ரூம் சாக்கடைக் குழாய், ஏசிக்குள் பூத்த பூஞ்சை, பக்கத்து வீட்டுக் கருவாடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மெஷினைத் தரையில் வைத்திருந்தால் தரை மட்டத்துக் காற்று உங்கள் மூக்குக்கு வருகிறது. கட்டிலில் நின்று முகர்ந்து பார்க்கிறவருக்கு அந்தக் காற்று எட்டுவதே இல்லை. ஆக, "எனக்கு வரலையே" என்று வீட்டில் சொல்வது பல நேரம் உண்மைதான். அவர் முகர்வது வேறு காற்று.

மூக்கு என்ன செய்கிறது?

வாசனையை உணரும் நரம்பு செல்கள் மூக்கின் கூரையில், கிட்டத்தட்ட ஒரு தபால்தலை அளவு இடத்தில் இருக்கின்றன. அவற்றின்மேல் இருக்கும் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் கண்டுபிடித்தார்கள்; 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. ஒவ்வொரு வாசனையும் இந்த 400இல் சிலவற்றை வெவ்வேறு சேர்க்கையில் தட்டுகிறது. பியானோவில் கார்டு வாசிப்பது மாதிரி.

அந்த செல்களின் நூல்கள் மண்டையோட்டின் அடியில் இருக்கும் சல்லடை மாதிரியான எலும்பைத் துளைத்து நேராக மூளைக்குள் போகின்றன. பார்வை, கேள்வி எல்லாம் தலாமஸ் என்கிற இடைத்தரகர் வழியாகப் போகும்போது, வாசனை மட்டும் முதலில் அங்கே நிற்காமல், பயத்தையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே போய் இறங்குகிறது. காரணம் தெரியாத ஒரு வாசனை நம்மை ஏன் இவ்வளவு பதறவைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த செல்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. உடம்பின் பெரும்பாலான நரம்பு செல்கள் மாதிரி இல்லாமல் இவை செத்துச் செத்துப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். சளி, வைரஸ், அடி என்று எதாவது நடந்தால் நிறைய செல்கள் ஒரேயடியாகப் போய், புதியவை வளர்ந்து மூளையோடு மறுபடி இணைய வேண்டியிருக்கிறது. அந்த வயரிங் நடக்கும் காலத்தில் தப்பான சிக்னல் வர வாய்ப்பு அதிகம். கொரோனாவுக்குப் பிறகு காபி சாக்கடை மாதிரி இருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னார்கள், ஞாபகம் இருக்கா? அது இந்த வகை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காபி என்ற நிஜப் பொருள் இருந்து, அதன் வாசனை திரிந்து வந்தால் பரோஸ்மியா. எந்தப் பொருளுமே இல்லாமல் வாசனை வந்தால் ஃபான்டோஸ்மியா. பின்னதை இந்தக் கட்டுரையில் மாய வாசனை என்று சொல்கிறேன்.

மாய வாசனை அபூர்வமானதோ அவமானமானதோ இல்லை. அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்ட 7,400க்கும் அதிகமானவர்களின் பதில்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், 6.5 சதவீதம் பேர், அதாவது 15 பேரில் ஒருவர், எதுவும் இல்லாதபோது கெட்ட வாடையோ எரிகிற வாடையோ வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி டாக்டரிடம் பேசியவர்கள் அவர்களில் 11 சதவீதம்தான். அந்த ஆய்வில் மாய வாசனையோடு சேர்ந்து வந்த விஷயங்களில் தலையில் அடிபட்டிருப்பது ஒன்று, நீடித்த வாய் உலர்ச்சி இன்னொன்று. வாய் உலர்ச்சி என்றதும் சிபாப் போடுகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வாய் வழியாகக் காற்று கசிந்தால் விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அனுபவம் நமக்கு நன்றாகத் தெரியும். ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வாய் உலர்ச்சியைச் சரிசெய்வது எப்படியும் நல்லதுதான்.

மூன்று பெட்டிகள்

ஒரு புரோகிராம் தப்பான விடை தருகிறது என்று வையுங்கள். உள்ளீடே தப்பாக வருகிறதா, வழியில் கெடுகிறதா, கடைசியில் கணக்குப் போடும் இடத்தில் பிழையா என்று பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்ப்போம் இல்லீங்களா? வாசனைக்கும் அதே மாதிரி மூன்று பெட்டிகள்.

முதல் பெட்டி, வெளியே: அறை, மெஷின், ஃபில்டர், தண்ணீர்த் தொட்டி, குழாய், மாஸ்க். இங்கே உருவாகும் வாசனை நிஜம். இன்னொரு மூக்கும் அதைப் பிடிக்கும்.

இரண்டாவது பெட்டி, உடம்புக்குள் ஆனால் நரம்புக்கு முன்னால்: வாய், பல், டான்சில், சைனஸ், நெஞ்செரிச்சலோடு மேலே வரும் அமிலம். இதுவும் நிஜமான வாசனைதான், மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மூக்குக்கு மட்டும்தான் அது எட்டும். முழு முக மாஸ்க் போட்டால் வாயால் விடும் காற்று மூக்குக்குப் பக்கத்திலேயே ஒரு கணம் சுற்றிவிட்டு வெளியேறுகிறது. பகலில் காற்றோடு போய்விடும் வாய்வாடை ராத்திரி உங்களுக்கே திரும்பி வருகிறது. "எனக்கு மட்டும் வருது" என்பவர்களில் கணிசமானவர்கள் இந்தப் பெட்டியில்தான் இருப்பார்கள். இவர்களை மனப்பிரமை என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவது பெட்டி, நரம்பும் மூளையும்: மூலக்கூறே இல்லாமல் சிக்னல் மட்டும் வருவது. உண்மையான மாய வாசனை இதுதான். இங்கேயும் நோயாளி கதை கட்டவில்லை. காலை இழந்தவருக்கு இல்லாத கால் வலிப்பதைப் போல, காதுக்குள் இல்லாத ரீங்காரம் கேட்பதைப் போல, உணர்கிறவருக்கு அது முழு உண்மை.

எந்தப் பெட்டி என்று கண்டுபிடிப்பது

கீழே உள்ளவற்றை ஒரே ராத்திரியில் எல்லாம் மாற்றிச் செய்ய வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றியதையும் நடந்ததையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

1. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ போய் அரைமணி நேரம் இருங்கள். வாசனை போய்விட்டால் முதல் பெட்டிக்குச் சந்தேகம் கூடுகிறது. கூடவே வந்தால் மெஷின் கிட்டத்தட்ட நிரபராதி. பகலில் ஆபீஸிலும் அதே வாடை லேசாக வருகிறதா என்று கவனியுங்கள். பகல் சத்தத்தில் கவனிக்காமல் விட்டது, இருட்டில் மாஸ்க் போட்டுச் சும்மா படுத்திருக்கும்போதுதான் உறைக்கும்.

2. குழாயை மாஸ்க்கிலிருந்து கழற்றி, மெஷின் ஓடும்போதே குழாய் முனையை வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். அறையை முகர்ந்து பார்ப்பது போதாது. குழாய் முனையில் வரும் காற்றுதான் உங்கள் காற்று. என்ன வாடை என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "கருகின வாடை வருதா பாரு" என்று கேட்டால் பாதிப் பேருக்கு வந்துவிடும். "என்ன வாசனை வருது?" என்று மட்டும் கேளுங்கள்.

3. மெஷினை வேறு அறைக்கு மாற்றி ஒரு ராத்திரி. அடுத்து, ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துத் தண்ணீர் இல்லாமல் ஒரு ராத்திரி. அடுத்து, புது ஃபில்டர். எந்த மாற்றத்தில் வாசனை போகிறதோ அங்கேதான் மூலம்.

4. மாஸ்க் இல்லாமல், வாசனை இருக்கும்போதே ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் மூடுங்கள். பிறகு மற்றதை. ஒரு பக்கம் மூடினால் நின்றுபோகிறது என்றால் பிரச்சினை அந்தப் பக்கத்து மூக்கிலோ சைனஸிலோ அந்தப் பக்கத்து நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் மூடினாலும் வாசனை அப்படியே இருந்தால் மூலம் இன்னும் உள்ளே இருக்கலாம்.

5. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நிமிஷக் கணக்கா, மணிக் கணக்கா, நாள் கணக்கா? டாக்டருக்கு இந்த ஒரு தகவல் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இன்னொரு துப்பும் உண்டு. மீன் மார்க்கெட்டுக்குள் போன பத்து நிமிஷத்தில் வாடை பழகிவிடுகிறது. ஒரே அளவில் தொடர்ந்து வரும் வெளி வாசனையை மூக்கு இப்படித்தான் மறக்கும். ராத்திரி முழுக்க விழிக்கும்போதெல்லாம் ஒரே வீரியத்தோடு நிற்கும் வாசனை, வெளியிலிருந்து வருவதா என்று யோசிக்க வேண்டியது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

ஒரு எடுத்துக்காட்டு

எனக்கு வந்தது ஈரச் சாக்கு அழுகின மாதிரி ஒரு வாடை. மாஸ்க் போட்ட பத்தாவது நிமிஷம் ஆரம்பிக்கும். இரண்டு வாரம் ஒரு எக்ஸெல் தாளில் குறித்தேன். ஃபில்டர் புதிது, தொட்டி காலி, குழாய் புதிது. மூன்றிலும் வாடை மாறவில்லை. என் மனைவி குழாய் முனையை முகர்ந்துவிட்டு, "புது ரப்பர் செருப்பு மாதிரி இருக்கு, வேற ஒண்ணும் இல்லையேங்க" என்றாள். புதுக் குழாய்க்கு அது சரியான விடை. நாலாவது சோதனையில் விஷயம் தெளிந்தது. வலது துவாரத்தை மூடினால் வாடை போச்சு. இடதை மூடினால் அப்படியே இருந்தது.

அந்தத் தாளோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார், சிடி எடுத்தார். வலது பக்கக் கன்ன சைனஸில் சீழ். மேல் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து ஏறியிருக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கும் அந்த சைனஸின் தரைக்கும் நடுவில் மெல்லிய எலும்புதான் இருக்கிறது, சிலருக்கு அதுவும் இருக்காது. பல் வலிக்கவே இல்லை. ஒரு பக்கமாக மட்டும் கெட்ட வாடை வந்தால் பல்லையும் பார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் தெரிந்த பாடம். வேர் சிகிச்சையும் மருந்தும் முடிந்து மூன்றாவது வாரத்தில் வாடை போனது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அந்த நாட்களிலும் மெஷின் போட்டுத்தான் தூங்கினேன்.

கவனியுங்கள், வேறு யாருக்கும் வராத வாசனை அது. ஆனால் மாய வாசனை இல்லை. இரண்டாவது பெட்டி.

மெஷின் நிஜமாகவே காரணமாக இருக்கும்போது

புது மாஸ்க், புதுக் குழாயின் சிலிக்கான் வாடை கழுவக் கழுவச் சில நாட்களில் போய்விடும். தொட்டியில் நேற்றைய தண்ணீரை மிச்சம் வைத்தால் வழவழப்பான கிருமிப் படலம் உருவாகி ஈர வாடை வரும். தினமும் கொட்டிக் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கேன் தண்ணி, போர் தண்ணி இரண்டிலும் உப்பு படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் மூச்சுக்குப் போவதற்காகத் தயாரித்தது இல்லை, வேண்டாம். வாசனைக்காக யூகலிப்டஸ் தைலம், அத்தர் எதையும் தொட்டியில் விடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகிறது, பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் கருவிகள் பற்றி அமெரிக்காவின் எஃப்டிஏ 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. சுத்தம் செய்தபின் குழாயில் தங்கும் ஓசோனே நெடியாக வந்து மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும்.

இதைவிடப் பெரிய விஷயமும் நடந்திருக்கிறது. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப், பைபாப், வென்டிலேட்டர் மெஷின்களில் பல லட்சங்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த பாலியூரிதேன் ஃபோம் சிதைந்து, துகள்களும் ஆவியாகும் ரசாயனங்களும் காற்றுப் பாதையில் கலக்கலாம் என்பதுதான் காரணம். 2023 நவம்பரில் அதே நிறுவனத்தின் ட்ரீம்ஸ்டேஷன் 2 மெஷின்கள் அதிகமாகச் சூடாகி, புகை, தீ, தீக்காயம் வரை போன புகார்கள் வந்திருப்பதாக எஃப்டிஏ எச்சரித்தது. "மெஷின்ல வாசனை வருது" என்று சொன்னவர்கள் எல்லோரையும் மனப்பிரமை என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உங்கள் மெஷினின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் வைத்து, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். குழாயில் கறுப்புத் துகள் தெரிந்தால் உடனே விற்பனையாளரையும் டாக்டரையும் கூப்பிடுங்கள்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாத விதிகள் இரண்டு. எரிகிற வாடை முதல் தடவை வரும்போது அதை எப்போதும் நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கி, அடாப்டரையும் மெஷினையும் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ வழக்கத்தைவிடச் சுட்டாலோ மறுபடி போடக் கூடாது. சமையல் கேஸ் வாடை என்றால் வேறு விதி: எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், அங்கிருந்து 1906ஐக் கூப்பிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். தரையில் இருக்கும் மெஷின் அதை முதலில் இழுக்கலாம்.

தூக்கத்தில் மூக்கு நம்மை எழுப்பிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2004இல் மேரி கார்ஸ்கேடன், ரேச்சல் ஹெர்ஸ் இருவரும் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், தூங்குகிறவர்களின் மூக்கில் புதினா வாசனையையும் பிரிடின் என்ற கெட்ட வாடையையும் விட்டுப் பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அந்த நாத்தமும் அவர்களை எழுப்பவில்லை, ஒலி எழுப்பியது. ஆகவே படுக்கையறையில் ஒரு புகை அலாரம் மாட்டிவிடுவது மூக்கை நம்புவதைவிட மேல். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்கிறது. "ராத்திரி பூரா வாசனை வருது" என்கிறோமே, உண்மையில் அது நாம் விழித்திருக்கும் துண்டுகளில் வருவது: தூக்கம் பிடிக்குமுன், நடுவில் புரளும்போது, விடியும்போது. விழிப்பு குறைந்தால் வாசனைப் புகாரும் குறையும்.

மூன்றாவது பெட்டி என்றால்

வெளியிலும் இல்லை, வாய் பல் சைனஸிலும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மாய வாசனை என்ற பெயரை வைக்க வேண்டும். சளி, கொரோனா, தலையில் அடி, சில மருந்துகள் இவற்றுக்குப் பிறகு இது வரலாம். மைக்ரேன் தலைவலிக்கு முன்னோடியாக வரலாம். ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்கு முகரும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே வரும் சிக்னல் குறையும்போது மூளை தானாக ஒன்றைப் போட்டு நிரப்புகிறது என்பது மாய வாசனைக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

உடனே நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை. வாசனை திடீரென்று வந்து சில வினாடிகளோ ஓரிரு நிமிஷமோ இருந்து போகிறது, ஒவ்வொரு தடவையும் அச்சு அசல் அதே வாசனை. கூடவே வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது மாதிரி, இது முன்பே நடந்தது மாதிரி ஒரு உணர்வு. பக்கத்தில் இருப்பவர், "கொஞ்ச நேரம் எங்கேயோ வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க, வாயை மென்னுக்கிட்டு இருந்தீங்க" என்கிறார். இது மூளையின் பொட்டுப் பகுதியில் எழும் வலிப்பாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் டாக்டர் கவனித்து எழுதியது. தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும், ஆகவே அப்னியா உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. புதிதாகத் தலைவலி, பார்வை மாற்றம், ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, மூக்கில் ரத்தம் இருந்தாலும் சீக்கிரம் காட்ட வேண்டும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை மரத்துப்போவது என்றால் 108தான்.

மற்றபடி பெரும்பாலும் அவசரமில்லை. டாக்டர் எண்டோஸ்கோப், சிடி, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார். வைரஸுக்குப் பிறகு வந்தது பலருக்கு மாதக் கணக்கில் மெல்ல மங்கிவிடும். முகரும் திறன் குறைந்திருந்தால் வாசனைப் பயிற்சி சொல்லுவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, நாலையும் காலையிலும் மாலையிலும் கவனத்தோடு முகர்வது, 12 வாரம். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னால் கொதித்து ஆறிய தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ மட்டும்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டு, அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.

மெஷினை நிறுத்தலாமா?

வாசனை தாங்க முடியவில்லை என்று தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சிகிச்சை இல்லாத அப்னியா ரத்த அழுத்தத்தை ஏற்றும், பகலில் கண்ணைச் செருகவைக்கும், வண்டி ஓட்டும்போது ஒரு வினாடி கண் மூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற வாடை, கேஸ், கறுப்புத் துகள், திரும்பப் பெற்ற மாடல் இவை தவிர மற்ற வாசனைகளுக்கு மெஷினைப் போட்டுக்கொண்டே காரணம் தேடலாம். மெஷினே சந்தேகம் என்றால் சும்மா நிறுத்தாமல், மாற்று மெஷின் தரச் சொல்லி விற்பனையாளரையும் டாக்டரையும் அன்றைக்கே கேளுங்கள். தேடுகிற நாட்களில் ஹியூமிடிஃபையரின் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டுவது, கசிவு இல்லாமல் மாஸ்க்கைச் சரிசெய்வது, மாஸ்க்கை வாசனை இல்லாத சோப்பால் தினமும் கழுவுவது இந்த மூன்றும் யாருக்கும் கெடுதல் செய்யாது. மூக்கும் வாயும் காய்வது குறையும்.

டாக்டரிடம் போய், "மெஷின் போட்டா என்னமோ நாத்தம் வருது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவரும் "மெஷினைக் கழுவுங்க" என்று மட்டும்தான் சொல்வார். அதற்குப் பதிலாக ஒரு சீட்டில் இந்த ஆறு வரியை எழுதிக்கொண்டு போங்கள்: என்ன மாதிரி வாசனை, எந்தத் தேதியிலிருந்து, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்து மூக்கு, மாஸ்க் இல்லாதபோதும் வருகிறதா, குழாய் முனையில் இன்னொருவருக்கு வந்ததா. ஆறுக்கும் விடை இருந்தால் எந்தப் பெட்டி என்பது அவர் டார்ச் எடுக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.